பேறுகால வலியும் பெருவிரல் அழுத்தமும்

திருநெல்வேலிப் பக்கம் தலைப்பிரசவம் என்றால் தாய் வீடுதான். வளைகாப்பு முடித்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் வலி எடுத்து ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ, பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது கூடவே ஓடுகிறவர் அம்மாவாக இருப்பார், இல்லையென்றால் சித்தியோ மதினியோ. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் பெண் துணை ஒருவரை உடன் இருக்க விடுகிறார்கள். சரி, உள்ளே போன அந்தத் துணை என்ன செய்வார்? தலையைத் தடவுவார், தண்ணீர் கொடுப்பார், "ஏட்டி, பொறுத்துக்கோ, இந்தா முடிஞ்சிரும்" என்பார், நிமிடத்துக்கு ஒரு தரம் சிஸ்டர் முகத்தைப் பார்ப்பார். பிள்ளை பெறப் போகிறவளைவிட அவருக்குத்தான் அதிகமாகக் கை நடுங்கும். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுப்பதுதான் பிரசவத்தில் அக்குபிரஷர் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இதற்கு மேல் இதற்குப் பெருமை சேர்க்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

அக்குபிரஷர் என்பது சீனத்து வைத்திய முறை. உடம்பில் சில பாதைகளில் உயிர்ச்சக்தி ஓடுகிறது, அந்தப் பாதைகளில் உள்ள சில புள்ளிகளைத் தூண்டினால் ஓட்டம் சீராகும் என்பது அவர்கள் கணக்கு. ஊசி போட்டுத் தூண்டினால் அக்குபஞ்சர், விரலால் அழுத்தினால் அக்குபிரஷர். சக்தி ஓட்டத்தை நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்களுக்கும் விரல் அழுத்தத்தால் வலி ஏன் குறையலாம் என்பதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. முழங்காலை மேசை முனையில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அங்கே தேய்க்கிறதே, ஏன்? தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்புகள் சுறுசுறுப்பானால், வலிச் செய்தி தண்டுவடத்தைத் தாண்டி மூளைக்குப் போகும் வழி கொஞ்சம் அடைபடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-ல் சொன்னார்கள். வலியின் வாசல் கொள்கை என்று அதற்குப் பெயர். இதோடு, நம்பிக்கையான ஒரு கை பக்கத்தில் இருந்தால் பயம் குறைகிறது, பயம் குறைந்தால் உடம்பு இறுகாது, இறுகாத உடம்பில் வலி தாங்கும் அளவுக்குள் நிற்கிறது. உடம்பே சுரக்கும் எண்டார்பின் என்ற வலி நிவாரணியும் இதில் சேரும் என்கிறார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? மருத்துவ ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடை போடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் பிரசவ வலிக்கு அக்குபஞ்சர், அக்குபிரஷர் இரண்டும் உதவுகின்றனவா என்று பார்த்தது. மொத்தம் 28 ஆய்வுகள், ஏறக்குறைய 4,000 பெண்கள். அக்குபிரஷர் வலியின் கடுமையைச் சற்றுக் குறைக்கலாம் என்பதுதான் கிடைத்த பதில். 'சற்று', 'கூடும்', 'லாம்' எல்லாம் அதில் உண்டு, ஆய்வுகளில் பலவும் அவ்வளவு உறுதியானவை இல்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். வலியே இல்லாமல் பிள்ளை பிறக்கும் என்று யாராவது வகுப்பு நடத்திக் காசு கேட்டால் இந்த 'சற்று' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். தேதி தாண்டிவிட்டது, வலி வரவில்லை, காலில் ஒரு புள்ளியை அமுக்கினால் வலி வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது. அதையும் காக்ரேன் 2017-ல் 22 ஆய்வுகளை வைத்துப் பார்த்தது. வலியை வரவழைப்பதற்கோ சிசேரியனைத் தவிர்ப்பதற்கோ இது உதவுகிறது என்று தெளிவாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே தேதி தாண்டினால் டாக்டரிடம் போகவேண்டும், வீட்டில் காலை அமுக்கிக்கொண்டு நாலு நாள் காத்திருக்கக் கூடாது. வலி ஏற்கனவே வந்தபிறகு அதைத் தாங்குவதற்கு ஒரு துணையாக இதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இனி எங்கே அழுத்துவது. புத்தகங்களில் ஏழெட்டுப் புள்ளிகள் இருக்கும், படம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். அத்தனையும் வேண்டியதில்லை. லேபர் வார்டில் நின்றுகொண்டு எட்டுப் புள்ளியை யாராலும் ஞாபகம் வைத்திருக்க முடியாது. ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், அது இடுப்பு.

முதுகெலும்பு கீழே முடிகிற இடத்தில் ஒரு முக்கோண எலும்பு இருக்கிறது. அதன் மேல் மூலைகளில், தோலில் இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழுந்திருக்கும், சிலருக்குப் பளிச்சென்று தெரியும், சிலருக்குத் தடவித்தான் பார்க்க வேண்டும். அந்த எலும்பில் இரண்டு வரிசையாக நாலு ஜோடி சின்னத் துவாரங்கள் உண்டு, நரம்புகள் வெளியே வரும் வழி. அக்குபிரஷரில் சொல்லும் புள்ளி இரண்டாவது ஜோடித் துவாரத்தின் மேல், அதாவது முதுகுக் குழிக்கும் நடு முதுகெலும்புக்கும் இடையில் இருக்கிறது. துல்லியமாகத் துவாரத்தைத்தான் தொட வேண்டும் என்று பதற வேண்டாம். அந்தப் பகுதியில் அழுத்திக்கொண்டே போங்கள், சரியான இடம் வந்தால் அவளே சொல்வாள். "எம்மா, அங்கனதான், இன்னும் கொஞ்சம் கீழ, ஆ, எடுத்துராத" என்று சத்தம் வரும் பாருங்கள், அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

அவள் மல்லாந்து படுத்திருந்தால் இது நடக்காது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நிற்கலாம், சுவரில் கையை ஊன்றலாம், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து முதுகை உங்கள் பக்கம் காட்டலாம். கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் முதல் கட்டத்தில் நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது, ஆனாலும் நம் வார்டில் எழுந்து நிற்கலாமா என்று ஒரு வார்த்தை சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். நீர்க்குடம் உடைந்திருந்தால், வலியை வரவழைக்கும் ஊசி மருந்து ட்ரிப்ஸில் ஓடிக்கொண்டிருந்தால், குழந்தையின் துடிப்பு பார்க்க பெல்ட் கட்டியிருந்தால் அவர்கள் சொல்வதுதான் சட்டம்.

இரண்டு பெருவிரலையோ, மடக்கிய விரல் முட்டிகளையோ, உள்ளங்கையின் அடிமேட்டையோ அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடியாப்ப உரலை அமுக்குகிற மாதிரி, முழங்கையை நேராக வைத்து உடம்புப் பாரத்தைக் கைமேல் சாய்க்க வேண்டும். வெறும் விரல் பலத்தில் அழுத்தினால் பத்து நிமிடத்தில் உங்கள் மணிக்கட்டு போய்விடும், முதல் பிரசவம் பத்து நிமிட வேலை கிடையாது. வலி ஏறத் தொடங்கும்போது அழுத்தத் தொடங்கி, ஏற ஏற அழுத்தத்தைக் கூட்டி, வலி இறங்கும்போது மெல்லத் தளர்த்துங்கள். வலி விட்டதும் கையை அப்படியே எடுத்துவிடாமல் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டிருக்கலாம், அடுத்தது வரும்வரை நீங்களும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வலி நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு பத்து நிமிடத்துக்கு மூன்று, நாலு முறை வரும், ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் நிற்கும். ஆகவே வேலையைவிட ஓய்வுதான் அதிகம்.

முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கத்து அம்மாமார்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். நாள் முழுக்கப் பீடி சுற்றிப் பழகிய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் லேசில் சோர்வதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மை தன் மகளுக்கு இப்படி இடுப்பைப் பிடித்துக்கொடுத்ததைச் சொல்லும்போது, புள்ளி என்றோ அக்குபிரஷர் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை, "இடுப்பெலும்பு கழண்டு விழுந்திராம பிடிச்சுக்கிட்டேன்" என்றுதான் சொன்னார். குழந்தையின் பின்தலை அம்மாவின் முதுகெலும்புப் பக்கம் திரும்பி இருந்தால் வலி பெரும்பாலும் நடு இடுப்பில் இறங்கலாம், அப்போது இந்த அழுத்தம் கொடுக்கும் ஆறுதல் ரொம்பப் பெரியது. பழைய மருத்துவச்சிகள் வெந்நீர் ஒத்தடமும் கையழுத்தமும் கொடுத்தது இதற்காகத்தான். வலிக்கு நிவாரணம் கேட்கும் பெண்களுக்கு மசாஜ், சூடான ஒத்தடம் போன்றவற்றைக் கொடுக்கலாம் என்று அதே 2018 வழிகாட்டுதலும் சொல்கிறது.

அடுத்த புள்ளி கரண்டைக்காலுக்கு மேலே. உள்பக்கக் கரண்டை எலும்பின் உச்சியிலிருந்து நாலு விரல் அகலம் மேலே போக வேண்டும், நாலு விரல் என்பது அவளுடைய விரல், உங்கள் விரல் அளவு இல்லை. அங்கே காலின் முன்னெலும்பின் பின்விளிம்பை ஒட்டி ஒரு பள்ளம் தட்டுப்படும், அழுத்தினால் சுருக்கென்று இருக்கும். பிரசவ ஆய்வுகளில் அதிகம் சோதித்துப் பார்த்த புள்ளிகளில் இது ஒன்று. 2004-ல் வந்த ஒரு கொரிய ஆய்வில் அரை மணி நேரம் ஒவ்வொரு வலியின்போதும் இதை அழுத்தியிருக்கிறார்கள், அழுத்தியவர்களுக்கு வலி குறைந்ததாகவும் பிரசவ நேரம் குறைந்ததாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து வீட்டில் கணக்குப் போட்டு நேரம் சொல்ல முடியாது. அவள் ஒருக்களித்துப் படுத்தபடி களைத்துக் கிடக்கும்போது இந்த இடம் தோதானது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே அழுத்தலாம். ஆனால் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் அங்கே கை வைக்கவே வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அழுத்துவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும், ரத்தம் உறைந்திருக்கலாம்.

மூன்றாவது, கையில், பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நெருக்கினால் நடுவில் ஒரு சதைமேடு எழும்புமே, அங்கே. தலைவலிக்கு அமுக்குவார்களே, அதே இடம்தான். பரிசோதனைக்காக அவளை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கும்போது இடுப்பும் காலும் எட்டாது, அப்போது கையைப் பிடித்துக்கொண்டே இதை அழுத்தலாம். தோள்பட்டை உச்சி, வெளிக்கரண்டையின் பின்பள்ளம், பாதத்தின் அடி, கால் சுண்டுவிரல் நக ஓரம் என்று மற்றவையும் இருக்கின்றன, தெரியாவிட்டால் நஷ்டமில்லை. குமட்டலுக்கு மட்டும் மணிக்கட்டின் உள்பக்கம், மணிக்கட்டுக் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவில் அழுத்திப் பார்க்கலாம், ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாந்திக்கு இந்தப் புள்ளியை நிறையவே சோதித்திருக்கிறார்கள்.

மணிக்கட்டு என்றதும் ஒரு விஷயம். வளைகாப்பில் வளையல் அடுக்குவதே அக்குபிரஷர் புள்ளியைத் தூண்டத்தான், நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று ஒரு செய்தி ஆடி மாதம் தவறாமல் வந்துவிடும். நெல்லையப்பர் கோவிலில் காந்திமதி அம்மனுக்கே ஆடிப்பூரத்தில் வளைகாப்பு நடக்கிறது. அது அழகான சடங்கு, ஒன்பது மாதம் சுமக்கிற பெண்ணை ஊரே உட்காரவைத்துக் கொண்டாடுகிறது. அதற்கு அறிவியல் சான்றிதழ் ஒட்ட வேண்டிய அவசியம் என்ன? கையில் ஆடிக்கொண்டிருக்கும் கண்ணாடி வளையல் எந்தப் புள்ளியையும் அழுத்துவதில்லை.

இன்னொரு குழப்பம் வர்மம். நம் தென்மாவட்டங்களில் வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள், பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, ஆகவே அக்குபிரஷர் என்றதும் 'ஓ, வர்மமா' என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் புள்ளிகளைப் பற்றிப் பேசினாலும் வெவ்வேறு மரபுகள், புள்ளிகள் ஒன்றில்லை, தொடும் விதமும் ஒன்றில்லை. வர்மப் புள்ளிகளில் தெரியாமல் கை வைத்தால் கேடு என்று அந்த ஆசான்களே எச்சரிப்பார்கள். அதைக் கொஞ்சம் இதைக் கொஞ்சம் கலந்து கர்ப்பிணி வயிற்றில் முயற்சி செய்யாதீர்கள். வயிற்றில் எந்த அழுத்தமும் கிடையாது, அக்குபிரஷரானாலும் எண்ணெய் தேய்த்து நீவுவதானாலும்.

எப்போது தொடங்கலாம்? 37 வாரம் முடியாமல், கரண்டைப் புள்ளி, கைப் புள்ளி, இடுப்புப் புள்ளி, தோள் புள்ளி எதையும் பலமாக அழுத்துவதில்லை என்பது இந்த முறையைக் கற்றுக்கொடுப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. ஆய்வில் நிரூபணமானதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் அப்படியே பின்பற்றுவதுதான் புத்திசாலித்தனம். அப்படியென்றால் எப்படிப் பழகுவது? அவள் உடம்பில் பழகாதீர்கள். உங்கள் காலிலேயே கரண்டைப் புள்ளியைத் தேடிப் பாருங்கள், இடுப்புக்கு மாப்பிள்ளையைக் குனிய வைத்துப் பழகலாம், அவருக்கும் தன் பெண்டாட்டி என்ன படப்போகிறாள் என்று ஒரு பிடி தெரியட்டும்.

ஒன்பதாம் மாதத்தில் வந்து வந்து போகும் சூட்டு வலிக்கு இதெல்லாம் வேண்டாம். நம் வீடுகளில் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பேறுகால வலி என்பார்கள். உண்மையான வலி ஒழுங்காக வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், பலம் கூடிக்கொண்டே போகும், படுத்தாலும் நடந்தாலும் நிற்காது. அந்த வலி என்று தெரிந்தபின் ஆஸ்பத்திரி போய், சிஸ்டர் பார்த்து, 'ரெண்டு விரல் திறந்திருக்கு, இன்னும் நேரமாகும்' என்பார்களே, அங்கிருந்துதான் உங்கள் கைக்கு வேலை. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து பிரசவம் முழுவேகம் பிடித்ததாகக் கணக்கு, அதற்கப்புறம் முழுதாக 10 சென்டிமீட்டர் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். ஆகவே தொடக்கத்திலேயே உங்கள் பலத்தையெல்லாம் கொட்டிவிடாதீர்கள். லேசான வலிக்கு நடக்கவும் பேசவும் விடுங்கள், பேச்சு நின்று கட்டில் கம்பியைப் பிடிக்கத் தொடங்கும்போது இடுப்புக்குப் போங்கள்.

கை வைக்கவே கூடாத நேரங்களும் இருக்கின்றன, இதில் சமரசம் இல்லை. ரத்தப்போக்கு இருந்தால், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக் கீழே இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால், பிரஷர் ஏறித் தலைவலியும் கண்மங்கலும் இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், உடைந்த நீர் பச்சையாகவோ நாற்றத்துடனோ வந்தால், மாதம் நிறையாமல் வலி வந்தால், புள்ளியைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். முதுகில் மருந்து செலுத்தி வலி மரத்துப்போக வைத்திருந்தால் அழுத்தம் அதிகமாகிறதா என்று அவளால் சொல்ல முடியாது, அப்போதும் இடுப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

இதைச் சொல்லும்போது 2018-ல் திருப்பூரில் நடந்தது நினைவுக்கு வராமல் இருக்காது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் ஆசிரியை இறந்துபோனார், குழந்தை பிழைத்தது. பிள்ளை பிறந்தபின் வரும் ரத்தப்போக்கு அரை மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோகக்கூடியது, அதை நிறுத்த ஊசியும் ஆட்களும் ரத்தமும் வேண்டும், எந்த விரலும் எந்தப் புள்ளியும் அதை நிறுத்தாது. அக்குபிரஷர் தெரிந்தால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிற ஆட்கள் நம் ஊர்ப்பக்கமும் இருக்கிறார்கள். இயற்கை, மரபு என்று நன்றாகவே பேசுவார்கள். அவர்களிடம் போய்விட்டு வந்த குடும்பத்தோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. வலியைத் தாங்க விரல் போதும், உயிரைக் காக்க ஆஸ்பத்திரி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

உள்ளே போவதற்கு முன் சில சில்லறை வேலைகள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், மோதிரம் வளையலைக் கழற்றி வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருந்தால் தோல் உராயாது, ஆனால் புள்ளியில் அழுத்தும்போது எண்ணெய் வழுக்கும், தடவுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேறு பெண்களும் வலியோடு இருப்பார்கள், சத்தமாக வழிகாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கிராம சுகாதார செவிலியரிடம், "வலி வரும்போது இடுப்பைப் பிடிச்சுக் கொடுக்கலாமா, விடுவாங்களா" என்று கேட்டு வைத்தால் உள்ளே போனபின் முகம் சுளிப்பு இருக்காது. பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கும் ஒரு ஆள் உதவிதானே.

அவள் வேண்டாம் என்றால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். கடைசிக் கட்டத்தில் பல பெண்களுக்கு யார் தொட்டாலும் எரிச்சலாக இருக்கும், பத்து நிமிடத்துக்கு முன்னால் 'எடுத்துராத' என்று சொன்னவளே "கைய எடும்மா" என்று சீறுவாள். அதற்காக மனம் கோண வேண்டாம், பிள்ளை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். முக்கச் சொல்லும்போது சிஸ்டருக்கு இடம் விட்டு ஒதுங்கித் தலைமாட்டுக்குப் போய் நின்றுகொள்ளுங்கள், அவள் பிடித்துக்கொள்ள ஒரு கையை மட்டும் நீட்டுங்கள்.